ஆனை நோட்டு

கல்யாண வீட்டில் வாழ்த்து மடல் வாசித்த காலத்தில் வளர்ந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு என்றால் வாழ்த்து மடல் என்பதையே முதலிலிருந்து விளக்க வேண்டும். அதற்கு எனக்கு இப்போது தெம்பு கிடையாது. நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை போடுவதற்குள் மாப்பிள்ளையின் தோழர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, ரோஸ் தாளில் அச்சடித்த கவிதையை ஏற்ற இறக்கத்தோடு படிப்பார். ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள். படித்து முடித்ததும் ஆளுக்கொன்று கையில் வரும். அதில் வெற்றிலை பாக்கை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இந்த விஷயத்தில் தனி ரகம். கவிதை என்றாலே அவருக்குக் கொட்டாவி வரும். ஒரு கல்யாணத்துக்குக் கோர்ட்டுச் சம்மன் மாதிரி அடித்தார். மாப்பிள்ளைக்கு ஆயுள் தண்டனை என்று அதில் தீர்ப்பு. இன்னொன்றுக்குத் தந்தி மாதிரி. அதை நிஜத் தந்தி என்று நினைத்துப் பெண்ணின் பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். யார் செத்தது என்று தெரியாமலே நான்கு பேர் கூட அழுதார்கள். அதையும் மாமா ஒரு வெற்றியாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆலங்குடியைச் சுற்றி எந்தக் கல்யாணம் என்றாலும், “இந்தத் தடவை என்ன அடிக்கப் போறாரு?” என்று கேட்பார்கள்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது நயா பைசா வந்த புதிதில். அணாவும் பைசாவும் ஒரே பையில் கிடந்து ஊரே கணக்குத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. மூன்றணாவுக்குச் சாமான் வாங்கினால் கடைக்காரனும் வாங்கினவளும் சேர்ந்து விரல் விட்டு எண்ணுவார்கள். எங்கள் அப்பா கடலை மண்டி வைத்திருந்தார். அத்தானுக்குத் திருமயத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அம்மா ஊரில் சொல்லும்போது முதல் பாதியை மட்டும் சொல்வாள்.

சொந்த அக்கா மகள் கல்யாணம் என்றதும் மாமாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை ஒரு நாள் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். அங்கே அவருக்குச் சிநேகிதரான அச்சாபீஸ்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் என்றது சில வாரமாயிற்று; பிறகு மாமா ஒரு கட்டோடு வந்து இறங்கினார். கட்டைப் பிரித்ததும் மை வாசனை கூடம் முழுக்க அடித்தது. அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் நினைத்துக்கொள்ள முடிகிறது. எனக்கு அது அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தனையும் நூறு ரூபாய் நோட்டு! அந்தக் காலத்து நூறு ரூபாயை உங்களில் எத்தனை பேர் கையில் பிடித்திருப்பீர்களோ தெரியாது. நீல நிறத்தில், பின்பக்கம் இரண்டு யானை போட்டிருக்கும். மாமாவின் நோட்டிலும் அதே நீலம், அதே இரண்டு யானை. யானைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பக்கம் அக்காவின் பெயர், மறுபக்கம் அத்தானின் பெயர். முன்பக்கத்தில் நூறு ரூபாய் என்று இருக்க வேண்டிய இடத்தில் நூறாண்டு என்று இருந்தது. இதைக் கொண்டுவருபவருக்கு நூறு லட்டு தருவதாக உறுதியளிக்கிறேன், இப்படிக்கு மணமகளின் மாமன். அச்சாபீஸ் பெயர் போட வேண்டிய இடத்தில், மேலுலக அச்சகம். அச்சாபீஸ்காரருக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருக்கிறது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

மாமா நிஜ நோட்டையும் தன் நோட்டையும் யானைப் பக்கம் மேலே இருக்கும்படி மேஜையில் வைத்தார். “மச்சான், ஒங்க நோட்டை எடுத்துக்கங்க” என்றார். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நாள் முழுதும் காசோடு புழங்குகிற மனிதர். எடுத்தது மாமாவின் நோட்டை. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அப்பாவே கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்று அந்தக் கூடத்தில் இருந்த பெரியவர்களில் ஒருவருக்காவது இது வம்பில் முடியும் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் திறந்த காரில் மாமா நின்றுகொண்டு நோட்டுகளை அள்ளி வீசினார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவை பறந்து வந்தன. கூட்டம் முட்டி மோதிப் பொறுக்கியது. நானும் பாவாடையை ஏந்திக்கொண்டு ஓடினேன். பொறுக்கியவர்கள் படித்துப் பார்த்துச் சிரித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் சிரித்தார்கள். யாரோ ஒருவன் மட்டும் சிரிக்காமல் ஒன்றை மடித்துப் பையில் வைத்திருக்கிறான். அவன் யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

மறுவீட்டுக்கு அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நேரம். காலையில் இட்லிக்கு ஆவி வந்துகொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். போலீஸ் வீட்டுக்கு வருவது அப்போதெல்லாம் சாவுச் செய்தி வருவதற்குச் சமம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். அத்தானைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். நாலாக மடித்து மடித்து நைந்த நீல நோட்டு.

“இது இந்த வீட்டுக் கல்யாணத்துல அடிச்சதுன்னு சொல்றாங்க” என்றார்.

வாசலில் புங்க மரத்தடியில் ஒரு கான்ஸ்டபிளும் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாளைக் காட்டித்தான் இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னார். கிழக்கே ஏதோ கிராமம். புருஷன் இல்லை. மகள் கல்யாணத்துக்காகச் சினை மாட்டைச் சந்தைக்கு ஓட்டி வந்திருக்கிறாள். பொழுது இறங்கின பிறகு ஒருவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு நூறு ரூபாய் என்று இதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தாலிக்குப் பொன் வாங்க ஆசாரியிடம் நீட்டினபோது ஆசாரி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து விசாரணை. கள்ள நோட்டுக்காரி என்று ஊரில் பெயராகி, மாப்பிள்ளை வீட்டார் பரிசப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

அப்பா காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். “இந்தப் பேருல ஊருக்கு நாலு பேரு இருப்பாங்க. இது எங்க வீட்டுது இல்லைங்க” என்றார்.

அப்பா பொய் சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. “இருக்கலாங்க. ஊருல சாட்சிக்கு எவனும் வர மாட்டேங்குறான். யாரு வீட்டுதுன்னு தெரியலைன்னா, இந்தம்மாகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு நான் எழுத வேண்டியிருக்கும். யோசிங்க. நாளைக்கு வாரேன்” என்று காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். தெரு முனையில் இன்னொரு வீட்டில் விசாரிக்க வேண்டும் என்று கான்ஸ்டபிளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாளை மரத்தடியிலேயே இருக்கச் சொன்னார்.

அக்கா ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் செம்பை அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“பாக்காம வாங்கிட்டீங்களா?” என்று கேட்டாள் அக்கா.

“பாக்காம வாங்குவனா தாயி? நூறு ரூவாயி நோட்டுல ரெண்டு ஆன இருக்கும்னு சொல்லிருக்காக. வெளக்குக்கிட்ட கொண்டுக்கிட்டுப் போயிப் பாத்தேன். ரெண்டு ஆனயும் இருந்துச்சு.” செம்பை நீட்டியபடி, “அந்த ஆனைக்குக் கீழ யாரோ ஒரு பொண்ணு பேரு எழுதிருக்காம். அந்தப் பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா எம் மேல குத்தமில்லன்னு ஆயிருமாம். அது எந்த ஊருப் பொண்ணோ, எங்கிட்டு இருக்கோ” என்றாள்.

அக்கா காலிச் செம்பை வாங்கிக்கொண்டு நின்றாள். கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள் கூட இன்னும் வெளுக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வக்கீல் வந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர். மாமாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள். மாமாவிடம் பழைய துள்ளல் இல்லை என்றாலும் வாய் அடங்கவில்லை.

“நூறாண்டுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. லட்டுன்னு போட்டிருக்கு. இதப் போயி எவனாச்சும் நோட்டுன்னு வாங்குவானா? அந்தம்மா முட்டாளா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு?”

“மாதிரி இருந்தாலே குத்தந்தாங்க” என்றார் வக்கீல். “சிரிக்கிறதுக்கு அடிச்சியா, செலவழிக்க அடிச்சியான்னு சட்டம் கேக்காது. கவர்மெண்டு நோட்டு மாதிரி ஒண்ணு பண்ணக் கூடாது, அவ்வளவுதான். தபால் தலை, முத்திரைத்தாளு இதுல கை வச்சா இதவிடப் பெரிய வம்பு.”

“நான் அதுல கை வைக்கலையே” என்றார் மாமா அவசரமாக. முன்பு அடித்த கல்யாணச் சம்மனில் அவர் போட்ட கோர்ட்டு முத்திரை அப்போது என் கண் முன் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களைத்தான் போலீஸ் முதலில் கேட்கும். அச்சடித்தவர் யார் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குத் தொந்தரவு குறைவு. தெரிந்திருந்தும் சொல்ல மாட்டேன் என்றால் அதற்குத் தனியாக அபராதம், அடித்தவனுக்கு ஆவதைவிடக் கூட. இதை அவர் இரண்டு தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் முடிவானது என்ன தெரியுமா? யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்பதுதான். மாமா அச்சாபீஸ்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய மிஷினுக்குச் சீல் வைத்துவிட்டால் பிள்ளைகுட்டிக்காரர் தெருவில் நிற்பார். அத்தானின் வேலை நிரந்தரமாகவில்லை; கள்ள நோட்டில் பெயர் அடிபட்ட கிளார்க்கை எந்தத் தாசில்தார் வைத்துக்கொள்வார்? புதுப் பெண் போலீஸுக்கு முன்னால் நிற்பதா? எல்லாமே நியாயமான பேச்சுத்தான். மரத்தடியில் நின்ற அம்மாளைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. “கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பிருவோம்” என்று அப்பா ஒரு முறை சொன்னார். “குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்றார் மாமா. அதோடு அதுவும் விட்டுப் போயிற்று. அக்காவும் அத்தானும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த நோட்டுகளையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டார்கள். நான் பாவாடை ஏந்திப் பொறுக்கி, பாண்டி விளையாடுகிற தோழிக்குக் கூடக் கொடுக்காமல் தகரப் பெட்டியில் வைத்திருந்தவையும் போயின. தீ ஓரத்தில் பச்சையாக எரிந்தது. யானைகள் சுருண்டு கறுத்துப் பறந்து வெந்நீர் அண்டாவில் விழுந்தன. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது அந்த நோட்டுகளுக்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. ஒன்பது வயதில் அவ்வளவுதான் தெரிந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சொன்னபடி வந்தார். அந்த அம்மாள் வந்திருந்தாள். கூடவே ஒரு பெரியவர், தோளில் துண்டோடு. அவர்தான் அந்த அம்மாளின் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தகப்பனார். தன் காதால் கேட்டால்தான் நம்புவேன் என்று வந்திருந்தார். இரண்டு பேரும் அதே புங்க மரத்தடியில், ஆனால் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

அப்பா ஆரம்பித்தார். “நேத்தே சொன்னேனுங்க. இந்தப் பேருல ஊருக்கு நாலு...”

“அது எம் பேருதாங்க.”

அக்கா நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்திருந்தாள். குரல் மரத்தடி வரை கேட்டது. “எங்க கல்யாணத்துல சிரிக்கிறதுக்குன்னு அடிச்சது. ஊர்வலத்துல வீசுனாக. அந்தம்மாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.” பிறகு மரத்தடிப் பெரியவரைப் பார்த்து, “அய்யா, ஒங்க சம்பந்தி மேல குத்தமில்லைங்க. குத்தம் எங்க வீட்டுது” என்றாள்.

அம்மா உள்ளேயிருந்து “அடியே” என்றது கேட்டது. இன்ஸ்பெக்டர் காகிதத்தை எடுத்துக்கொண்டு, “அச்சடிச்சது யாரும்மா?” என்றார். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா சொல்லட்டும் என்று அவள் கொஞ்ச நேரம் பொறுத்ததை நான் பார்த்தேன். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாமாவின் பெயரையும் அச்சாபீஸ்காரரின் பெயரையும் சொன்னாள். அப்போது பின்கட்டிலிருந்து அத்தான் வந்தார். “இன்னொரு யானைக்குக் கீழ இருக்கிறது எம் பேருங்க. அதையும் எழுதிக்கங்க” என்று சொல்லி அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அதிகம் பேசாத மனிதர். அவரை எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து பிடித்துப் போயிற்று, அவர் கண்ணை மூடும் வரைக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமாவும் அச்சாபீஸ்காரரும் கோர்ட்டில் அபராதம் கட்டினார்கள். மிஷினுக்கு யாரும் சீல் வைக்கவில்லை. ஆசாமி மறுபடியும் ரோஸ் தாளில் கவிதை அடித்துப் பிழைத்துக்கொண்டார். அத்தானிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தார். வேலை போகவில்லை, நிரந்தரமாவதுதான் வெகுகாலம் இழுத்தது. மாமா மட்டும் அக்காவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்து காது குத்துகிறபோது தாய்மாமன் ஸ்தானத்தில் உட்கார எங்கள் பக்கம் அண்ணன் தம்பி கிடையாது. மாமா வந்து உட்காரட்டும் என்று ஆள் விட்டுக் கேட்டும் அவர் வரவில்லை. அக்கா அதற்கு அழுதாள். சொன்னதற்காக அழவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலையில் வாசலில் நடந்ததை. இன்ஸ்பெக்டர் எழுதி முடித்து எழுந்தார். பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் பக்கமாக நகர்ந்து நின்றார். அப்பாவுக்கு அவமானம் ஒரு பக்கம், எப்படியாவது இதை முடித்தால் போதும் என்பது ஒரு பக்கம். உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து வந்தார். புதிய நோட்டு, மடிப்பே இல்லை. “இந்தாம்மா. ஒன் மாட்டுக்கு” என்று நீட்டினார். ஊர் பார்க்க, கொஞ்சம் மிடுக்கோடுதான் நீட்டினார்.

அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். அங்கேயே கண் நின்றது.

“இதுலயும் ஆனதான் இருக்கு” என்றாள்.

“இது நெச நோட்டும்மா” என்றார் அப்பா.

“அதயும் அவன் அப்படித்தான் சொல்லிக் குடுத்தான்.” அவள் குரலில் கோபமோ குத்தலோ இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “நீங்க பொய் சொல்றீகன்னு சொல்லலய்யா. எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் ஆனதான?”

நோட்டை அக்காவின் கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டாள். கூடத்து மேஜையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, தவறான நோட்டை எடுத்த அந்த நாள் அப்பாவுக்கு நினைவு வந்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு வந்தது இதோ, இத்தனை வயதுக்குப் பிறகு. அவள் வைத்திருந்தது ஒரே ஒரு அடையாளம். அதை நாங்கள் ஊர்வலத்தில் வீசி விளையாடிவிட்டோம். இனி எந்த ஆயுசிலும் அவள் கைக்கு ஒரு நூறு ரூபாய் வந்தால், அது நோட்டாக இருக்காது. சிரிக்கிறதுக்கு அடிச்சியா என்று சட்டம் ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் புரிகிறது.

“மொய்த் தாம்பாளத்தை எடுத்துட்டு வா” என்று அக்கா என்னை உள்ளே அனுப்பினாள்.

மொய்யாக வந்த ரூபாய்க் காசுகளை மஞ்சள் துணியில் கட்டி வைத்திருந்தோம். நூறுக்குப் போதவில்லை. அம்மா அஞ்சறைப் பெட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் கொண்டுவந்தாள். அத்தான் தன் பையைக் கவிழ்த்தார். மண்டிக் கல்லாவிலிருந்து மீதி வந்தது. அந்த அம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ரூபாயாகக் கல்லில் சுண்டி, காதைச் சாய்த்து ஓசை கேட்டு மடியில் போட்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் கூடப் போகாமல் நின்றார். எங்கள் மொய்யிலிருந்து ஒன்று செல்லாக் காசு போல ஓசையில்லாமல் தொப்பென்று விழுந்தது. அவள் அதைத் தனியாக ஒதுக்கி வைத்தாள். அக்கா அதை எடுத்துக்கொண்டு வேறொன்று கொடுத்தாள். அவள் அதையும் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள்.